ரிஸ்வானா கேட்டது

அன்றைக்குத்தான் என் வகுப்பில் முதல் முறையாகத் தமிழில் கத்தினேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம். காலை பதினோரு மணி இருக்கும். இருபத்திரண்டு பிள்ளைகள் குனிந்து வீடு வரைந்துகொண்டிருந்தார்கள். கூரைக்குச் சிவப்பு, கதவுக்கு நீலம் என்று ஃபிரெஞ்சில் சொல்லி, கிரேயானையும் தூக்கிக் காட்டியிருந்தேன். வெயிலில் இளகிய மெழுகின் வாசனை அறை முழுக்க இருந்தது.

உதவிக்கு இருக்கும் தனம், சுண்டல் வைக்கிற எவர்சில்வர் தட்டுகளை அடுக்கிப் பின்கதவு வழியாகக் கொண்டுவந்தாள். மிதியடியில் கால் தடுக்கியது. அத்தனை தட்டும் மொசைக் தரையில், கடைசி வரிசைக்கு நேர் பின்னால், ஒரே நேரத்தில் விழுந்தன.

"அய்யோ, புள்ளைங்க கால்ல படப்போவுது" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

பிள்ளைகள் அலறினார்கள். இரண்டு பேர் அழத் தொடங்கினார்கள். ஒரு தட்டு மட்டும் விளிம்பில் நின்று சுற்றிச் சுற்றி, நிதானமாக அடங்கியது. அதற்குப் பிறகு பார்த்தால், எல்லோரும் தட்டுகளை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முன்வரிசைப் பெண் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் மெல்லச் சொன்னாள்: "மெத்ரெஸுக்குத் தமிழ் தெரியுது."

தமிழ் தெரியாத டீச்சர்

மெத்ரெஸ் என்றால் ஆசிரியை. என்னைப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் பள்ளியின் பெயரை இந்தத் தொடரில் நான் எழுதுவதில்லை. புதுச்சேரிக்காரர்கள் யூகித்துக்கொண்டால் அது என் பொறுப்பில்லை. அங்கே ஒன்றாம் வகுப்பு முழுக்க முழுக்க ஃபிரெஞ்சில்தான். வணக்கம் சொல்வதில் ஆரம்பித்து மூக்கு சிந்துவது வரை எல்லாம் அந்த மொழியில். தமிழ் இரண்டாம் வகுப்பில்தான் வரும்.

இதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். எனக்குத் தமிழே தெரியாது என்று பிள்ளைகளை நம்பவைத்துவிடுவேன். "டீச்சர், ஒண்ணுக்கு" என்று ஒரு பிள்ளை நெளிந்தால், புரியாதவள் போலத் தலையைச் சாய்த்து நிற்பேன். பிறகு நானே கழிவறைப் பக்கம் கைகாட்டி அந்த வாக்கியத்தைச் சொல்லித் தருவேன். இரண்டாம் நாள் அது தானாக வந்துவிடும். தேவை இருந்தால் மொழி வரும் என்பது என் கொள்கை.

நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் ஒரு தடவை கத்தரிக்காய்க்கு நான் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது, வகுப்புப் பையன் ஒருவன் அம்மாவோடு வந்துவிட்டான். வாழைத்தார் மறைவில் கால்மணி நேரம் நின்றேன். கடைக்காரர் என்னைக் கடன்காரி என்று நினைத்திருப்பார்.

தனத்துக்கும் அதே சட்டம் போட்டிருந்தேன். அவளுக்கு ஃபிரெஞ்சு தெரியாது. அதனால் வகுப்பில் அவள் ஊமைபோல எல்லாவற்றையும் கையால் காட்டுவாள். நானும் பாதி கையால்தான் பேசினேன். உட்காருங்கள் என்றால் உள்ளங்கை கீழே போகும். எழுந்திருங்கள் என்றால் மேலே வரும். 'எகூதே' என்றால் கவனித்துக் கேளுங்கள் என்று பொருள். அதற்குக் கையைக் குவித்துக் காதருகே வைப்பேன். இருபத்திரண்டு பிள்ளைகளும் அதேபோல வைப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். வெளியிலிருந்து வருகிறவர்கள் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள்.

நீலக் கதவு

தட்டுகள் விழுந்த அன்று, எல்லாத் தலையும் என்னைப் பார்த்துத் திரும்பியிருந்தன என்றேன். ஒரு தலை திரும்பவில்லை.

கடைசி வரிசையில், தட்டுகள் விழுந்த இடத்துக்கு நான்கடி முன்னால், ரிஸ்வானா கதவுக்கு நீலம் தீட்டிக்கொண்டிருந்தாள். கோட்டுக்கு வெளியே போகாமல், நாக்கை லேசாகத் துருத்திக்கொண்டு.

பிடிவாதமோ என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் பின்னால் போய் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பிறகு தமிழில், "ரிஸ்வானா, இங்க பாரும்மா" என்றேன். அவள் தலைக்கு மேலே இரண்டு கையையும் பலமாகத் தட்டினேன். கிரேயான் அதே வேகத்தில் போய்வந்துகொண்டிருந்தது.

என் நிழல் தாளில் விழுந்தபோது நிமிர்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், சுற்றிலும் பார்த்தாள். மற்ற பிள்ளைகள் எழுந்து நிற்பதைக் கண்டு சட்டென்று தானும் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். திரும்பித் தரையைப் பார்த்த பிறகுதான், அறை முழுக்கத் தட்டுகள் இறைந்துகிடப்பது அவளுக்குத் தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒரு கதைப் புத்தகத்தை எடுத்து என் வாயை மறைத்துக்கொண்டு, பச்சை கிரேயானை எடுங்கள் என்று ஃபிரெஞ்சில் சொன்னேன். எல்லாக் கையும் டப்பாவுக்குப் போயின. ரிஸ்வானா என் முகத்தைத் தேடினாள், கிடைக்கவில்லை. பக்கத்துப் பிள்ளையின் கையைப் பார்த்தாள். பிறகு பச்சையை எடுத்தாள்.

ஒரு நொடிதான் பின்தங்கினாள். அந்த ஒரு நொடியை ஏழு மாதமாக நான் கவனிக்கவில்லை. அரையாண்டு அறிக்கையில் அவள் பெயருக்கு எதிரே, 'மிகுந்த கவனம் உள்ள பிள்ளை' என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். கையைக் குவித்துக் காதருகே வைப்பதில் எப்போதும் அவள்தான் முதல் ஆள்.

தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த தனம், என் முகத்தைப் பார்த்துவிட்டு அருகே வந்தாள். வெளியே விளையாடும்போது கூப்பிட்டால் இந்தப் பிள்ளை திரும்புவதில்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. என்னிடம் சொல்லலாம் என்று இரண்டு மூன்று தடவை வந்துவிட்டு, வகுப்பில் தமிழ் பேசக்கூடாதே என்று திரும்பிப் போயிருக்கிறாள்.

நானும் பேசாமல் இருந்தவள்தான்

நான் ஏன் கவனிக்கவில்லை என்பதற்குக் காரணம் தேட என் சின்ன வயதுக்குப் போகவேண்டும்.

அப்பா மில்லில் வேலை பார்த்தார். மில் மூடிய பிறகு ஆட்டோ ஓட்டினார். எங்கள் தெருவில் பிரான்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர்கள் சிலர் இருந்தார்கள். சொல்தா வீடு என்று சொல்வோம். அந்த வீடுகளில் மட்டும் மாதம் தவறாமல் பென்ஷன் வரும். தன் பெண்ணும் அந்த மொழியைப் படித்தால் எதுவோ ஒன்று நடக்கும் என்று அப்பா நம்பினார். என்னைக் கொண்டுபோய் ஃபிரெஞ்சு வழிப் பள்ளியில் சேர்த்தார்.

முதல் நாளே பாவாடையை நனைத்துக்கொண்டேன். கேட்கத் தெரியவில்லை. அதன்பின் ஆறு மாதம் நான் வகுப்பில் வாயைத் திறக்கவில்லை. மற்றவர்கள் செய்ததைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். ஒருநாள் ஏதோ ஒரு கேள்விக்கு முழு வாக்கியமாகப் பதில் சொன்னேன். எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

டீச்சரான பிறகு, இதற்கு ஒரு பெயரும் இருப்பதாகப் பயிற்சியில் சொன்னார்கள். மௌன காலம். புது மொழி உள்ளே இறங்கும்போது பிள்ளை பேசாது, அவசரப்படுத்தக் கூடாது என்றார்கள். என் வாழ்க்கையே சாட்சியாக இருந்ததால் நான் அதைச் சந்தேகிக்கவே இல்லை.

ஆகவே, வகுப்பில் ஒரு பிள்ளை பேசாமல் மற்றவர்களைப் பார்த்துச் செய்தால், அது நான் என்று நினைத்தேன்.

மழை நாளில் வந்த சபுரா

ரிஸ்வானாவின் அம்மா சபுரா. அத்தா ஜாபர் பள்ளிக்கூடப் பை தைக்கிறவர். வீட்டின் முன்பகுதியில் இரண்டு தையல் மெஷின் ஓடும். ஃபிரெஞ்சு வகுப்பில் இடம் கிடைத்தது என்று பிரியாணி ஆக்கித் தெருவுக்கே கொடுத்தவர்கள்.

மழைக்காலத்தில் ஒரு மதியம் சபுரா என்னைத் தேடி வந்தாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்ட, வாசலிலேயே நின்று பேசினாள்.

"கூப்ட்டா திரும்ப மாட்டேங்குது டீச்சர். கிட்டப் போய் சத்தமாச் சொன்னாதான் கேக்குது. டிவிய எந்நேரமும் கத்தவுடுது."

கோடை விடுமுறையில் பத்து நாள் காய்ச்சல் கண்டதையும் சொன்னாள். அதை நான் காதில் வாங்கினேனா என்று இப்போது யோசித்தால் நினைவில்லை. என் மௌன காலத்தை விளக்கத் தொடங்கியிருந்தேன். தலைக்குள் ஒரு புது மொழி போய்க்கொண்டிருக்கிறது, அந்தச் சமயத்தில் பிள்ளை வேறெங்கோ இருப்பது மாதிரித்தான் தெரியும், பயப்படாதீர்கள் என்றேன். வீட்டில் கத்திக் கூப்பிட வேண்டாம் என்று அறிவுரையும் சொன்னேன். என்னையே உதாரணமாகக் காட்டினேன்.

அவள் முகம் தெளிந்தது. நன்றி சொல்லிவிட்டு மழையில் போனாள். நானும் மனநிறைவோடு வகுப்புக்குத் திரும்பினேன்.

இதை எழுதுவதற்கு முன் சபுராவிடம் போய் அனுமதி கேட்டேன். "எழுதுங்க. பேரெல்லாம் மட்டும் மாத்திடுங்க" என்றாள். மாற்றியிருக்கிறேன்.

கண்ணாடி அறை

தட்டுகள் விழுந்த மறுநாள், சபுராவோடும் பிள்ளையோடும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காது மூக்கு தொண்டைப் பிரிவில் கூட்டம் அதிகம். ரிஸ்வானா என் கைப்பை ஜிப்பைத் திறந்து மூடி விளையாடிக்கொண்டிருந்தாள்.

சோதனை அறை சின்னதாக இருந்தது. நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு; அந்தப் பக்கம் பிள்ளை, இந்தப் பக்கம் நாங்கள். பிள்ளையின் தலையில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கு என்று சைகையில் சொன்னார் சோதனை செய்த பெண். ஆரம்பித்தார். ரிஸ்வானா கையைத் தூக்கினாள். மறுபடி தூக்கினாள். மறுபடியும். சபுரா என் புஜத்தை இறுக்கிப் பிடித்தாள். எனக்கும் மூச்சு வந்தது. எல்லாம் என் பிரமைதானா என்று நினைத்தேன்.

அந்தப் பெண் எழுந்து உள்ளே போய், பிள்ளையின் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்துவிட்டு வந்தார்.

"நான் பட்டன அமுக்குறப்ப என் தோள் அசையுது. அதப் பாத்துத் தூக்குறா" என்றார்.

மறுபடி ஆரம்பித்தார். பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தார். ரிஸ்வானாவின் இரண்டு கையும் மடியில் இருந்தன. ஜன்னலில்லாத அந்தச் சுவரைப் பார்த்து, சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள். வெகு நேரம் கழித்து ஒரே ஒரு தடவை வலது கை தயங்கி எழுந்தது.

ஒரு காதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, மற்றதில் அநேகமாக இல்லை என்றார் டாக்டர். நரம்பு. அந்தக் காய்ச்சலாக இருக்கலாம். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார். சபுரா தரையைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன், மழைக்காலத்தில் என்னிடம் சொன்னார்கள் என்று.

அப்போதே வந்திருந்தால் சரியாகியிருக்குமா என்று கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றார். நரம்பு விஷயம், காய்ச்சல் வந்த கையோடு பார்த்திருந்தால்கூடச் சொல்ல முடியாது என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், காது மெஷினையாவது அப்போதே மாட்டியிருக்கலாம் என்று சேர்த்துக்கொண்டார்.

வெளியே ஆட்டோவுக்கு நின்றோம். வெயில் சுட்டது. சபுரா பிள்ளையின் தலையை முந்தானையால் மூடினாள். பிறகு சொன்னாள்:

"மழையில உங்களாண்ட வந்தேன்ல, அதுக்கு மறுநாள் டாக்டராண்ட கூட்டினு போறதுக்கு டோக்கன் போட்டு வெச்சிருந்தாரு அவரு. நீங்க சொன்னீங்கன்னு நான்தான் வேணாம்னேன்."

ரிஸ்வானா திறந்துவிட்டிருந்த என் கைப்பை ஜிப்பை மூடினேன்.

"நீங்க படிச்சவங்க. நாங்க நம்புனோம்."

குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். ஆட்டோ வந்தது. பிள்ளையை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். என்னையும் ஏறச் சொல்வாள் என்று நினைத்து ஒரு காலை எடுத்து வைத்திருந்தேன்.

ஒரு பக்கக் கடிதம்

நடந்ததை அப்படியே எழுதி, தலைமையாசிரியையிடம் கொடுத்தேன். மழைக்கால மதியத்தையும் விடவில்லை. அவர் படித்துவிட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று போதுமே, உங்கள் தலையில் நீங்களே ஏன் எழுதிக்கொள்கிறீர்கள் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். கடிதத்தை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அது இன்றும் கோப்பில் இருக்கிறது.

ரிஸ்வானா பள்ளிக்கு வரவில்லை. வேறு பள்ளியில் சேர்ப்பார்கள் என்று கேள்விப்பட்டேன். ஒரே மொழி போதும் என்று டாக்டரும் சொன்னாராம். அந்த நாட்களில் வகுப்பில் நான் தமிழ் பேச ஆரம்பித்திருந்தேன். வேண்டுமென்று செய்யவில்லை, நடிப்பதற்குத் தெம்பு இல்லை. பிள்ளைகளுக்கு முதல் இரண்டு நாள் அது வேடிக்கையாக இருந்தது. பிறகு அவரவர் வீட்டுக் கதையெல்லாம் வரத் தொடங்கியது. யாருக்குப் பல் வலி, யார் வீட்டில் அப்பா ஊரில் இல்லை, யாருக்குக் கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். கரும்பலகை மங்கலாகத் தெரிந்தவனுக்கு அடுத்த வாரமே கண்ணாடி போட்டார்கள்.

ஆறேழு வாரம் கழித்து ஒரு காலை ஜாபர் வந்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். காதில் மெஷின் மாட்டி மூன்று வாரம் ஆகிறதாம், வீட்டில் பழகிவிட்டாளாம். "இந்த ஸ்கூலுதான் வேணும்னு அழுவுறா. உங்களாண்டதான் வருவேன்றா. சேத்துக்குவீங்களா?" என்று கேட்டார்.

என்னைக் கேட்கிறார். அந்த மனிதர் என்னிடம் வந்து கேட்கிறார்.

இப்போது ரிஸ்வானா மூன்றாம் வகுப்பில் இருக்கிறாள். கணக்கில் கெட்டி, எழுத்து முத்துமுத்தாக இருக்கும். வேகமாகப் பேசினால் புரியாது, கூட்டத்தில் சிரமப்படுவாள். மெஷின் ஆடிமாதக் காற்றில் வீல் என்று கத்தும், கழற்றிப் பையில் போட்டுக்கொள்வாள். சபுரா என்னோடு பேசுகிறாள். முன்புபோல இல்லை.

ரொட்டியும் கையும்

அவள் திரும்பி வந்த முதல் நாளைச் சொல்லி முடிக்கிறேன்.

மற்ற பிள்ளைகளைத் தனத்தோடு வெளியே அனுப்பிவிட்டு, அவளை எனக்கு எதிரே உட்காரவைத்தேன். படப் புத்தகத்தைத் திறந்து, ரொட்டிப் படத்தைக் காட்டினேன். அவள் வாயைத் திறந்து மூடினாள். சத்தம் வரவில்லை. உதடு மட்டும் சரியாக அசைந்தது.

சத்தமாகச் சொல் என்று கை காட்டினேன். என்னை விநோதமாகப் பார்த்தாள். நானே சொன்னேன். ஃபிரெஞ்சில் ரொட்டிக்குப் 'பேன்' என்று பெயர், மூக்கால் சொல்லவேண்டும்.

அவள் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். என் வாயைப் பார்த்தாள்.

"மெத்ரெஸ், ஃபிரெஞ்சுக்குச் சத்தம் இருக்குதா?"

எனக்குப் புரியவில்லை. என்னம்மா என்றேன்.

"தமிழுக்குத்தான் சத்தம். இது வாயால மட்டும் பேசுற பாஷைன்னு நெனச்சேன்."

அவளுக்குத் தமிழ் வீட்டில் காதோரத்தில் வந்து விழுந்துகொண்டிருந்தது. அம்மா கிட்டே வந்து உரக்கப் பேசினாள், கொஞ்சமாவது கேட்டது. இங்கே நாங்கள் பத்தடி தள்ளி நின்று வாயை அசைத்தோம், கையை ஆட்டினோம். இருபத்தொரு பிள்ளைகளும் சேர்ந்து வாயை அசைத்தார்கள். ஆறு வயதுப் பிள்ளை, ஃபிரெஞ்சு என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். கஷ்டப்பட்டு அதைப் படித்தும் இருக்கிறாள்.

பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஒவ்வொரு படத்துக்கும் அவள் சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள். நான் அதற்குக் குரல் கொடுத்தேன். வீடு, கதவு, கடல், மீன், நாற்காலி. ஒன்றுகூட விடுபடவில்லை. ஏழு மாதமாக நான் சொல்லித் தந்த அத்தனையும் அவளிடம் இருந்தது.

தடுமாறிய இடம் ஒன்றே ஒன்று. ரொட்டிக்கும் குளியலுக்கும் கைக்கும் ஒரே பேர்தானே என்று கேட்டாள். 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள்: முதல் ப போலத் தொடங்கினால் ரொட்டி, இரண்டாவது ப போலத் தொடங்கினால் குளியல். ம என்று தொடங்கினால் கை. மூன்றுக்கும் உதடு ஒரே மாதிரிதான் ஒட்டிப் பிரியும். என் முகத்தைப் பார்த்துப் படித்தவளுக்கு மூன்றும் ஒரே சொல்.

மூன்றையும் அவள் காதருகே தனித்தனியாகச் சொன்னேன். இரண்டு ப-வையும் அன்று அவளால் பிரிக்க முடியவில்லை. கைக்கு உரியது மட்டும் வேறு என்று கண்டுபிடித்துவிட்டாள். சிரிப்பாள் என்று பார்த்தேன். கோபம் வந்துவிட்டது அவளுக்கு.

"ஏன் எனக்கு யாருமே சொல்லல?"

தலையைக் குனிந்துகொண்டு, "நான்தான் கேக்கலம்மா" என்றேன். அவளிடம் ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டும் என்ற அர்த்தத்தில் சொன்னேன்.

அவள் முகம் மாறியது. நாற்காலியிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்தாள்.

"உங்களுக்கும் கேக்காதா, மெத்ரெஸ்?"

நான் பேசாமல் இருந்தேன். அவள் என் தலைமுடியை ஒதுக்கிவிட்டு, காதுக்குக் கிட்டே வாயை வைத்து, எனக்குக் கேட்கும்படி, உரக்க, இன்னொரு தடவை கேட்டாள்.